இழுக்கிற காட்சியை என்ன செய்வது?

நாவலின் முதல் வரைவை யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் வருகிற கருத்துகளிலேயே சங்கடமானது இதுதான்: "நல்லாத்தான் இருக்கு. நடுவுல கொஞ்சம் இழுக்குது." எங்கே இழுக்கிறது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஏன் என்று கேட்டால் அதுவும் தெரியாது. அவர்மேல் தப்பில்லை. கொட்டாவி வந்ததா இல்லையா என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும். காரணம் தேடுவது எழுதியவன் பாடு.

என் முதல் நாவலுக்கு இந்தக் கருத்து வந்தபோது, எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வெட்டினேன். வர்ணனைகளை வெட்டினேன், நினைவோட்டங்களை வெட்டினேன், மூன்று பக்க உரையாடல்களை ஒன்றரைப் பக்கமாக்கினேன். 340 பக்கம் 270 ஆனது. அதே நண்பனிடம் மறுபடியும் கொடுத்தேன். இந்த முறை கூடவே ஒரு பென்சிலையும் கொடுத்து, "எங்கே கவனம் சிதறுதோ அங்கே ஓரத்துல ஒரு கோடு போடு. காரணமெல்லாம் எழுத வேண்டாம்" என்றேன். பிரதி திரும்பி வந்தது. நான் அதிகமாக வெட்டியிருந்த அத்தியாயங்களில்தான் கோடுகளும் அதிகமாக இருந்தன.

அது ஏன் என்று பிடிபட எனக்குச் சில மாதங்கள் ஆயின. ஒவ்வோர் அத்தியாயத்துக்குள்ளும் நான் எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கியிருந்தேன். வாசகர் நின்று பார்க்க விரும்பிய இடமும் சுருங்கியது, தாண்டிப் போக விரும்பிய இடமும் சுருங்கியது. விகிதம் மாறவே இல்லை. காட்சியின் வேகம் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது: எந்தக் கணத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதில்.

இரண்டு கடிகாரங்கள்

ஒரு நாவலுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று பாத்திரங்களுடையது. அதில் நாட்களும் வருடங்களும் கழிகின்றன. மற்றொன்று வாசகருடையது. அதில் கழிவது பக்கங்கள். 1948ல் ஜெர்மானிய ஆய்வாளர் குந்தர் முல்லர், சொல்லப்படும் நேரம் வேறு, சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு என்று இவற்றைப் பிரித்துக் காட்டினார். 1972ல் பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் ழெரார் ழெனெத் இதை இன்னும் விரித்து, கதைசொல்லலின் வேகத்தை நான்கு வகையாக்கினார். கோட்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். நாம் தினமும் வாய்மொழியாகச் செய்வதற்குத்தான் அவர் பெயர் வைத்தார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு" என்று சொல்லிவிட்டு மேலே போனால் அது தாண்டல். கதையில் இரண்டு வருடம், பக்கத்தில் ஒன்றுமில்லை. "அந்த ரெண்டு வருஷமும் வேலை தேடியே கழிஞ்சது, ஊர் ஊரா அலைஞ்சான்" என்றால் சுருக்கம். இருவர் பேசுவதைப் பேசுகிறபடியே எழுதினால் இரண்டு கடிகாரங்களும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும், அது காட்சி. கதையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அறையை வர்ணித்தாலோ, எழுத்தாளர் வாழ்க்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கினாலோ அது நிறுத்தம். பாத்திரங்கள் உறைந்து நிற்க, பக்கம் மட்டும் புரளும்.

கர்நாடக இசை பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். தாளம் போடும் கை அதே வேகத்தில்தான் விழுகிறது. முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாசகர் பக்கம் புரட்டுவதுதான் தாளம். ஒரு பக்கத்துக்குள் கதையின் எவ்வளவு நேரத்தை அடைக்கிறீர்கள் என்பதுதான் காலம்.

நான்கில் எதுவும் உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. "காட்டு, சொல்லாதே" என்று எழுதக் கற்றுத்தருபவர்கள் ஓயாமல் சொல்வதைக் கேட்டு, எல்லாவற்றையும் காட்சியாகவே எழுதிவிடுகிறோம். அறிவுரை தப்பில்லை, பாதிதான் உண்மை. முழுக்கக் காட்சியாகவே ஓடும் நாவல் மேடுபள்ளம் இல்லாத நெடுஞ்சாலை மாதிரி; வண்டி ஓட்டுபவருக்கே கண் சொக்கும். நடுநடுவே நல்ல சுருக்கம் நாலு வரி வந்தால் அடுத்த காட்சி துலக்கமாகத் தெரியும்.

பக்கத்தில் போய்ப் பார்ப்போம்

ஒரு முதல் வரைவுப் பத்தி. வசந்தி ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனைப் பார்க்கப் போகிறாள்.

"காலை ஐந்தரைக்கே வசந்திக்கு விழிப்பு வந்துவிட்டது. பல் துலக்கி, குளித்து, நீலநிறச் சேலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டாள். பேருந்து நிலையத்துக்கு வந்தபோது மணி ஏழு. கூட்டம் அதிகமாக இருந்தாலும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழியெங்கும் வயல்கள் பச்சைப்பசேலென்று விரிந்திருந்தன. பேருந்து இரண்டு இடங்களில் நின்றது. பத்து மணிக்கு இறங்கி, தெருவைக் கண்டுபிடித்து, அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவன் வந்து திறந்தான். ஆறு வருடங்களுக்குப் பிறகு அவளைப் பார்த்த அதிர்ச்சியில் அவன் கண்கள் கலங்கின. 'உள்ளே வா' என்றான்."

இதில் ஒரு வாக்கியம்கூடத் தனியாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் பல் துலக்குவதற்குக் கிடைத்த இடம்தான் அண்ணனுக்கும் கிடைத்திருக்கிறது. கதவு திறப்பதற்குத்தான் வாசகர் காத்திருந்தார். அது மூன்று வாக்கியத்தில் முடிந்துபோனது. இதைத் திருத்துகிறேன் என்று வயல்களையும் சேலையையும் மட்டும் எடுத்துவிட்டால் பத்தி சின்னதாகும், அவ்வளவுதான். நான் செய்த தவறும் அதுவே. இப்படிச் செய்து பாருங்கள்:

"பேருந்தில் மூன்று மணி நேரம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் படியேறும்போதே மறந்துபோனது.

தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். வெறுங்காலின் ஓசை கதவு வரைக்கும் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு திறக்காமல் இருக்கிறார்.

தாழ்ப்பாள் விலகியது.

அண்ணனுக்கு முன்தலை முடியெல்லாம் போயிருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான்.

'தனியாவா வந்தே?'

'ஆமாண்ணே.'

கதவிலிருந்து கையை எடுக்காமலே கொஞ்சம் ஒதுங்கி நின்றான்."

மூன்று மணி நேரப் பயணம் ஒரே வாக்கியம் ஆகிவிட்டது. கதவுக்கு முன்னால் நிற்கிற அரை நிமிடம் பத்தியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. எழுத்து எண்ணினால் பழையதற்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இரண்டாவது வேகமாகப் படிக்கிறது. காரணம் ஒவ்வொரு வரியும் ஒரு சின்னக் கேள்வியை எழுப்பிவிட்டு நகர்கிறது: திறப்பானா? ஏன் தயங்குகிறான்? யாரைத் தேடுகிறான்? கண் கலங்குவது போய்விட்டதைக் கவனியுங்கள். "அதிர்ச்சியில் கண்கள் கலங்கின" என்பது பதில். பதில் வந்ததும் வாசகர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். 'உள்ளே வா' என்பதும் அப்படியே. ஒதுங்கி நின்ற கை இன்னும் கதவிலேயே இருப்பதால் அடுத்த பத்தியைப் படித்தாக வேண்டும்.

ஆக, நீளமாக எழுதியும் வேகத்தைக் கூட்டலாம். ஆரம்ப எழுத்தாளர்கள் நம்ப மறுக்கிற விஷயம் இதுதான். நானும் மறுத்தேன்.

எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். காட்சி எண், அது எடுத்துக்கொண்ட பக்கங்கள், அதற்குள் கதையில் கழிந்த நேரம், கடைசியாக, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்பது. முழு நாவலுக்கும் நிரப்ப இரண்டு மூன்று நாள் ஆகும். அலுப்பான வேலைதான். ஆனால் திருத்த வேலையில் எனக்கு இதைவிட உதவியது எதுவும் இல்லை.

நான்காவது கட்டம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். "இருவரும் பேசிக்கொண்டார்கள்" என்று அதில் எழுதக் கை போகும். அது மாற்றம் இல்லை. முன்னால் தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஒருவர் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது இருந்த நம்பிக்கை ஒன்று போயிருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும். நேர்மையாக இருப்பது நமக்கே நல்லது.

என் பிரதியில் 14ஆம் காட்சி 6 பக்கம், கதையில் இருபது நிமிடம், மாற்றம் இல்லை. 15ஆம் காட்சி 5 பக்கம், அரை மணி நேரம், மாற்றம் இல்லை. 16ஆம் காட்சி ஒரே பக்கம், அதற்குள் இரண்டு மாதம் ஓடி அப்பாவின் தொழிலே நொடித்துப் போகிறது. இதைக் கட்டத்தில் பார்த்த நிமிடமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினொரு பக்கம் அரட்டை, ஒரு பக்கம் வீழ்ச்சி. படிக்கும்போது தெரியாதது கணக்கில் தெரிந்தது. 14ஐயும் 15ஐயும் ஒன்றாக்கி மூன்று பக்கமாகச் சுருக்கினேன். அப்பாவின் தொழில் நொடித்த கதையை மூன்று தனிக் காட்சிகளாகப் பிரித்தேன்.

அடுத்தடுத்த இரண்டு காட்சிகள் ஒரே வேலையைச் செய்வதும் இந்தக் கட்டத்தில் அகப்படும். அவன் கோபக்காரன் என்பதை ஒரு காட்சி காட்டிவிட்டால், இன்னொரு காட்சியும் அதையே காட்டும்போது வாசகர் "தெரியும், மேலே சொல்லு" என்கிறார். வாரத் தொடராக வந்து பிறகு புத்தகமாகும் கதைகளில் இது வேறு வடிவில் வரும். போன வாரம் படித்ததை மறந்திருப்பார்கள் என்று எழுதிய நினைவூட்டல்களும், ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் வைத்த திடுக்கிடல்களும் புத்தகத்தில் அப்படியே தங்கிவிடும். தொடரில் அவை தேவை. ஒரே மூச்சில் படிப்பவருக்கு எரிச்சல்.

காட்சிக்குள் நுழைவதும் வெளியேறுவதும்

பெரும்பாலான காட்சிகளின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி, ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. முதல் பத்தி நாம் காட்சிக்குள் வருவதற்குச் செருமிக்கொண்டது. கடைசிப் பத்தி, நடந்தது வாசகருக்குப் புரிந்திருக்குமா என்ற சந்தேகத்தில் ஒருமுறை சொல்லிக்காட்டியது. தொலைபேசி மணி அடிப்பது, எடுப்பது, "யாரு?", "நான்தான்", "சொல்லு, எப்படி இருக்கே?" என்பதெல்லாம் வாழ்க்கையில் அவசியம். பக்கத்தில் "அவர் போயிட்டார்" என்ற மூன்றாவது நிமிட வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.

உரையாடல் என்றாலே வேகம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெள்ளை இடம் நிறைய இருப்பதால் கண் சீக்கிரம் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் வரும் உரையாடல் விசாரணைக் குறிப்பு மாதிரி ஊர்ந்து போகும். கேள்விக்குப் பதிலாக வேறு பேச்சு வரும்போது ஓட்டம் பிடிக்கிறது. மேலே அண்ணன் செய்தது அதைத்தான். ஆறு வருடம் கழித்து வந்தவளிடம் அவன் கேட்டது, தனியாகவா வந்தாய் என்று.

பின்கதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதவு திறக்கப்போகிற நேரத்தில் சிறுவயதில் இருவரும் விளையாடியதை ஒன்றரைப் பக்கம் நினைத்துப் பார்த்தால் பதற்றம் கூடும் என்று நினைக்கிறோம். சில சமயம் கூடும். பல சமயம், கதவு திறந்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாததால்தான் பின்னால் ஓடுகிறோம். எது என்பது எழுதியவருக்கு உள்ளூரத் தெரியும்.

தமிழ் வாக்கியத்தின் ஓட்டம்

சின்ன வாக்கியம் எழுதினால் வேகம் கூடும் என்பது எழுத்துப் பயிற்சிகளில் அடிக்கடி கேட்கும் விதி. தமிழில் இது அப்படியே பலிப்பதில்லை. இதைப் பாருங்கள்: "எழுந்தான். கதவைத் திறந்தான். தெருவில் ஓடினான். முனையில் நின்றான். திரும்பிப் பார்த்தான்." ஒவ்வொரு முற்றுவினையும் ஒரு பிரேக். ஓடுகிறவன் ஐந்து முறை நின்று நின்று ஓடுகிறான். இனி இது: "எழுந்து, கதவைத் திறந்து, தெருவில் ஓடி, முனைக்கு வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தான்." வினையெச்சம் முடியாத வினை, அடுத்ததைத் தேடிக்கொண்டே இருக்கும். நான்கு எச்சங்களில் வாசகர் வழுக்கிக்கொண்டு போய் கடைசி முற்றில் விழுகிறார். ஓட்டத்துக்கு எச்சம் நல்லது. அடிவிழுவதற்கும் அதிர்வதற்கும் குட்டி வாக்கியம் நல்லது. மேலே "தாழ்ப்பாள் விலகியது" தனிப் பத்தியாக நின்றது அதனால்தான்.

பெயரெச்சம் இதற்கு நேரெதிர். தமிழில் விவரமெல்லாம் பெயருக்கு முன்னால் வந்து குவியும். "மூன்று நாளாகத் தேடியும் கிடைக்காமல் கடைசியில் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததைத் தங்கை கண்டுபிடித்துக் கொடுத்த சாவியை எடுத்தான்." சாவி என்ற சொல் வருகிற வரைக்கும் வாசகர் எதைப் பற்றிப் படிக்கிறோம் என்று தெரியாமலே மூட்டையைச் சுமக்கிறார். அவசரமான காட்சியில் இப்படி இரண்டு வாக்கியம் வந்தால் போதும், மூச்சு வாங்கும். பிரித்துவிடுங்கள்: "சாவியை எடுத்தான். மூன்று நாளாகத் தேடிய சாவி. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததைத் தங்கைதான் எடுத்துக் கொடுத்தாள்." அவசரமே இல்லாத, சோம்பலான ஒரு பிற்பகலை எழுதுகிறீர்கள் என்றால் பழைய வாக்கியத்தையே வைத்துக்கொள்ளலாம். அங்கே அந்தச் சுமையும் அழகு.

"திடீரென்று" என்ற சொல்லைப் பிரதி முழுவதும் தேடிப் பாருங்கள். என்னுடையதில் 61 இருந்தது. திடீரென்று ஏதோ நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அது எப்படித் திடீர் ஆகும்? எடுத்துவிட்டால் அந்த வரிக்கு உயிர் வருகிறது. "அப்போது", "அந்த நேரத்தில்", "அடுத்த கணம்" எல்லாம் இதே குடும்பம்.

வாய்விட்டுப் படிப்பது பழைய யோசனைதான், இருந்தாலும் சொல்கிறேன். குரல் தானாக வேகமெடுத்து ஒப்பிக்கத் தொடங்குகிற இடம் நமக்கே அலுத்த இடம். அங்கே பென்சில் கோடு போடலாம்.

விதி மீறும் இடம்

முக்கியமான கணத்துக்கு அதிக இடம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதை அப்படியே மறுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. 1927ல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் எழுதிய 'டு த லைட்ஹவுஸ்' நாவலில் முதல் பகுதி ஒரே நாளின் மாலையும் இரவும். புத்தகத்தில் பாதிக்கும் மேல் அதுவே. அடுத்து வரும் குறுகிய பகுதியில் பத்து வருடங்கள் போகின்றன. நாவலின் இதயமாக இருந்த திருமதி ராம்சே இறந்துபோனது அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில், போகிறபோக்கில் வருகிறது. வாசகர் திடுக்கிட்டு மறுபடி படிக்கிறார். இது எடுபடுவதற்குக் காரணம் முன்னால் வந்த அந்த நீண்ட மாலை. அவளோடு அவ்வளவு நேரம் இருந்ததால்தான் ஒரு வரியில் அவள் இல்லாமல் போவது அடிக்கிறது. முந்தைய பகுதி இல்லாமல் அந்த வரியை மட்டும் நகலெடுத்தால் அது வெறும் இறப்புச் செய்தி.

அதனால் ஒரு காட்சியின் வேகத்தை அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பெரிய அடிக்குப் பிறகு வரும் மெதுவான காட்சி இழுவை இல்லை, அது மூச்சு விடுவதற்கு. அமெரிக்க எழுத்து ஆசிரியர் ட்வைட் ஸ்வெயின் 1965லேயே மோதல் நடக்கும் காட்சியையும், அதற்குப் பிறகு பாத்திரம் அதைச் செரித்து அடுத்த முடிவுக்கு வரும் பகுதியையும் இரட்டையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். சூத்திரமாக வைத்துக்கொண்டால் இயந்திரத்தனமாகிவிடும். ஆனால் தொடர்ந்து நான்கு சண்டைக் காட்சிகள் எழுதிவிட்டு ஐந்தாவது ஏன் எடுபடவில்லை என்று விழிப்பவருக்கு நல்ல மருந்து.

வரிசையும் முக்கியம். முதலில் முழு நாவலின் கட்டம், பிறகு காட்சிகளின் நுழைவும் முடிவும், கடைசியில்தான் எச்சமும் முற்றும். தலைகீழாகச் செய்து, ஒரு வாரம் இழைத்த வாக்கியங்கள் உள்ள காட்சியையே தூக்கி எறிய வேண்டியிருந்தால் மனசு வராது. எனக்கு வரவில்லை. 15ஆம் காட்சி இரண்டு வரைவு தாக்குப்பிடித்தது அந்த ஒரே காரணத்தால்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இருபதாவது முறை படிக்கும்போது எழுதியவருக்கு எல்லாமே இழுக்கும். அது பிரதியின் குறை இல்லை, நம் களைப்பு. அந்த நேரத்தில் கத்தரிக்கோல் எடுக்கக் கூடாது. குறைந்தது மூன்று வாரம் மூடிவையுங்கள், அல்லது புதிய கண்ணிடம் கொடுங்கள்.

நான் மூன்றாவது வரைவை அதே நண்பனிடம் கொடுத்தேன். 310 பக்கம். அவன் கண் புதிதில்லை என்றாலும் அவனைத் தவிர மூன்றாவது தடவை படிக்க யாரும் கிடைக்கவில்லை. பிரதியில் ஐந்தே கோடுகள் இருந்தன. நான்கு நான் எதிர்பார்த்த இடங்கள். ஐந்தாவது, அப்பா கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரும் காட்சி. நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடம். பூட்டினார், அடுத்த வரியில் வீட்டில் இருந்தார். அவ்வளவு இறுக்கமாக வெட்டியிருந்தேன். காரணம் வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அங்கே மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தான்: "வழியில என்ன நினைச்சார்?"

முதல் வரைவை எடுத்துப் பார்த்தேன். அவர் நடந்து வந்த அரைப் பக்கம் அதில் இருந்தது. முழுக்கத் தேவைப்படவில்லை. சாவியை எந்தப் பையில் போட்டோம் என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்ட வரியை மட்டும் திரும்ப எடுத்து வைத்தேன்.